டெல்ஃப்டில் நான் உடைத்த தட்டு

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு கோடை விடுமுறையில், நாங்கள் குடும்பமாக டெல்ஃப்ட் என்ற ஊருக்குப் போனோம். போகும்போது நான் லண்டனில், ரெய்னர்ஸ் லேனில், நான்காம் வகுப்பை முடித்துவிட்டிருந்த ஒரு நல்ல பிள்ளை. திரும்பி வரும்போது குற்றவாளி. இடையில் இருந்தவை மூன்றே நாட்கள்.

டெல்ஃப்ட் நெதர்லாந்தில், எங்கள் ஆட்கள் ஒல்லாந்து என்று சொல்லும் நாட்டில், இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு டெல்ஃப்ட் என்றால் நெடுந்தீவுதான். யாழ்ப்பாணத்துக் கடலில் கிடக்கும் அந்தத் தீவுக்கு ஒல்லாந்தர்கள் தங்கள் ஊர்ப் பெயரை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அப்பாவின் தம்பி, அதாவது என் சித்தப்பா, லண்டனுக்கு என்று புறப்பட்டு வழியில் ஒல்லாந்திலேயே தங்கிவிட்டவர். அவர் டெல்ஃப்டில் வீடு எடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்ட ஒரு பெரியம்மா, "அவ்வளவு தூரம் போயும் திரும்ப நெடுந்தீவுக்கே வந்திட்டானோ?" என்று கவலைப்பட்டதாக அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அப்பாவும் சித்தப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பதினொரு வருடங்கள் ஆகியிருந்தன. லண்டனிலிருந்து அது ஒன்றும் தூரமில்லை. ஆனால் அப்பாவின் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் அந்த வருடம்தான் கைக்கு வந்தது. அதற்கு முன் அவரிடம் இருந்த அகதிப் பயணப் பத்திரத்தோடு எந்த எல்லைக்கும் போய் நிற்க அவர் விரும்பவில்லை. பாஸ்போர்ட் வந்த பிறகும் இரண்டு மாதம் அதை அலுமாரிக்குள் வைத்து, இடைக்கிடை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். கடைசியில் அம்மாதான் கப்பல் டிக்கெட்டைப் போட்டார்.

இங்கிலாந்துக் கரையில் இருந்த ஹாரிச் துறைமுகத்தில் காரோடு கப்பலுக்குள் ஏறினோம். எங்கள் நால்வரின் பாஸ்போர்ட்களும் அப்பாவின் கோட்டின் உள்பையில் இருந்தன. பொத்தான் போட்ட பை. கடலில் இருந்த அத்தனை மணித்தியாலமும் அவருடைய வலது கை அந்தப் பொத்தானைத் தேடிப் போய்க்கொண்டே இருந்தது. மற்றப் பக்கத்துத் துறைமுகத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த ஒல்லாந்துக்காரர் பாஸ்போர்ட்களைப் பார்த்தார், திருப்பித் தந்தார், அவ்வளவுதான். அப்பா மூன்று தரம் நன்றி சொன்னார். கார் வெளியே வந்ததும் அவருடைய சட்டையின் முதுகுப் பக்கம் நனைந்து ஒட்டியிருந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். எங்கள் காரில் ஏசி வேலை செய்யாததுதான் காரணம் என்று நினைத்தேன்.

டெல்ஃப்டில் சித்தப்பா எங்களுக்காக வீதியிலேயே நின்றார். மெலிந்த, உயரமான மனிதர். அப்பாவைக் கண்டதும் கட்டிப்பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்பாவின் கையில் இருந்த பையை மட்டும் வாங்கிக்கொண்டு, "மெலிஞ்சுபோட்டீங்கள் அண்ணை," என்றார். அப்பா அவரை மேலும் கீழும் பார்த்து, "நீ நல்லா வளந்திட்டாய்," என்றார். சித்தப்பாவுக்கு அப்போது முப்பது வயதுக்கு மேல்.

ஊர் அழகானதுதான். பிறகு பல தரம் போயிருக்கிறேன், அதனால் தெரியும். ஆனால் அந்த முதல் பயணத்தில் எனக்கு அது பயங்கரமான ஊராகவே இருந்தது. தெருவுக்குத் தெரு தண்ணீர். வீட்டு வாசல், ஒரு கல்பாதை, அதன் விளிம்பில் கால்வாய். நடுவில் வேலி இல்லை, சுவர் இல்லை, ஒரு கயிறுகூட இல்லை. சில கால்வாய்களில் தண்ணீரே தெரியாமல் சின்னச் சின்னப் பச்சை இலைகள் மூடிக் கிடந்தன. பார்த்தால் புதிதாக வெட்டிய புல்தரை போலவே இருக்கும். என் தம்பிக்கு ஐந்து வயது. வந்த அன்றே புல் என்று நினைத்து அதை நோக்கி ஓடினான். அப்பா பாய்ந்து அவனுடைய சட்டைக் கொலரைப் பிடித்தபோது ஒரு கால் ஏற்கெனவே விளிம்பைத் தாண்டியிருந்தது. ஒரு வாத்து பச்சைக்குள்ளிருந்து தலையை நீட்டி எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு மூன்று நாளும் தம்பியின் கையைப் பிடிப்பது என் வேலையானது. என் விரல்கள் நோகும் அளவுக்குப் பிடித்திருந்தேன்.

கால்வாய் ஓரத்தில் ஒரு பழைய தேவாலயம். அதன் கோபுரம் நிமிர்ந்து நிற்கவில்லை, தண்ணீர்ப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. நானும் தம்பியும் அதன் கீழே போக மறுத்தோம். "பயப்பிடாதேங்கோ," என்றார் சித்தப்பா. "சின்னப்பிள்ளையள் பொய் சொல்லேக்கை மட்டும்தான் உது கொஞ்சம் சரியும்."

சித்தப்பாவின் குணம் அப்படி. முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் இப்படிப்பட்ட கதைகளைச் சொல்வார். பெரியவர்கள் அவற்றைக் கேட்டுச் சிரித்துவிட்டு மறந்துபோவார்கள். எனக்கோ அவர் சொன்ன ஒவ்வொன்றும் அந்த நாட்டின் சட்டம்.

அந்தச் சட்டங்களில் ஒன்றுதான் என்னைப் பிடித்தது. டெல்ஃப்ட் நீல வெள்ளைப் பீங்கானுக்குப் பேர்போன ஊர். எந்தக் கடையைப் பார்த்தாலும் நீலத்தில் படம் வரைந்த தட்டுகள், பூச்சாடிகள், சுவர் ஓடுகள். அவற்றின் அடியில் வரைந்தவரின் அடையாளமும் ஓர் இலக்கமும் இருக்கும். சித்தப்பா ஒரு கடையில் தட்டு ஒன்றைத் திருப்பிக் காட்டினார். "இது தட்டின்ரை பாஸ்போர்ட். இது பதியாமல் ஒரு தட்டும் இந்த ஊரை விட்டு வெளியிலை போக ஏலாது. துறைமுகத்திலை பாப்பினம்." அப்பா அன்றைக்கு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப எங்களை மாதிரித்தான்," என்றார்.

இரண்டாம் நாள் காலை ஒரு சின்னப் பட்டறைக்குப் போனோம். கால்வாய்க்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய சந்தில் இருந்தது. முன்னறையில் விற்பனை, பின்னறையில் வேலை. நரைத்த முடியைக் கொண்டையாகப் போட்டிருந்த ஒரு பெண்மணி சன்னலடியில் உட்கார்ந்து ஒரு தட்டில் படம் வரைந்துகொண்டிருந்தார். தூரிகை நுனியில் நாலைந்து மயிர்கள்தான் இருக்கும் போலத் தெரிந்தது. ஆச்சரியம் என்னவென்றால் அவர் வரைந்தது நீலத்தில் அல்ல, சாம்பல் கலந்த கறுப்பில். சூளைக்குள் போய் வெந்து வரும்போதுதான் அந்தக் கறுப்பு நீலமாகும் என்று சித்தப்பா மொழிபெயர்த்துச் சொன்னார். அம்மா நம்பவில்லை. இரண்டு தரம் திருப்பிக் கேட்டார். அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டு எழுந்து, வேகாத தட்டையும் வெந்த தட்டையும் அருகருகே வைத்துக் காட்டினார். எல்லோரும் அதைச் சுற்றிக் குனிந்தார்கள். தம்பியை அம்மா தூக்கி வைத்திருந்தார். என் கைக்கு வேலை இல்லாமல் போனது.

முன்னறையில் என் உயரத்துக்கு ஒரு அடுக்குப் பலகை இருந்தது. அதில் உள்ளங்கையளவு தட்டுகள். ஒன்றில் ஒரு பாலம், ஒரு படகு, படகில் தொப்பி போட்ட ஒரு மனிதர். அந்த மனிதருக்குக் கண் மூக்கு எதுவும் வரையப்படவில்லை, ஆனாலும் அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தட்டுக்குப் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று அறிய விரும்பினேன். எடுத்துத் திருப்பினேன்.

அந்த நேரம் ஊர் நடுவில் இருந்த பெரிய தேவாலயத்தில் மணிகள் அடிக்கத் தொடங்கின. ஒரு மணி அல்ல, ஒரு பாட்டே அடிக்கிற ஐம்பது மணிகள். நான் திடுக்கிட்டேன். தட்டு கல் தரையில் விழுந்தது. விழுந்த சத்தம் எனக்கே கேட்கவில்லை. மூன்று துண்டுகளாகக் கிடந்தது.

குனிந்து அவற்றை எடுத்து மழைக்கோட்டின் பைக்குள் போட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் இன்றும் பதில் தெரியாது. நிமிர்ந்தபோது அந்தப் பெண்மணி கதவு இடைவெளியால் மூக்குக்கண்ணாடிக்கு மேலே என் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் செய்ததைக் கண்டும் பேசாமல் இருந்தாரா, அல்லது கண்ணை ஆற்றுவதற்குத் தூரத்தைப் பார்த்தாரா என்பது எனக்குத் தெரியாது. அவர் திரும்பவும் குனிந்து தூரிகையை எடுத்தார். மணிகள் நின்றபோது நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு நான் கண்டதெல்லாம் எனக்கு எதிராகவே இருந்தது. பழைய ஓவியங்கள் வைத்திருந்த ஒரு மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கறுப்பு அங்கியும் கழுத்தைச் சுற்றி வெள்ளை மடிப்புகளுமாக வரிசையாக மனிதர்கள், எல்லோரும் நீதிபதிகள். எந்தப் பக்கம் போனாலும் கண்கள் கூடவே வந்தன. அம்மா ஒரு படத்துக்கு முன்னால் நின்று, "பாத்தீங்களே, உயிரோடை இருக்கிற மாதிரி," என்றார். நான் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

துண்டுகளைக் கால்வாய்க்குள் போட்டுவிடலாம் என்று தீர்மானித்தேன். ஒரு பாலத்தில் பெரியவர்களை முன்னால் போகவிட்டுப் பின்தங்கி நின்றேன். கையைப் பைக்குள் விட்டேன். கீழே ஒரு தட்டையான படகு வந்தது. அதில் ஒரு இரும்புக் கை. அது தண்ணீருக்குள் இறங்கிச் சேறு வழிய ஒரு சைக்கிளைத் தூக்கியது. பிறகு இன்னொன்றை. சித்தப்பா திரும்பி வந்து என் அருகில் நின்று வேடிக்கை பார்த்தார். "உதுக்குள்ளை என்னத்தைப் போட்டாலும் ஒருநாள் மேலை வந்திடும்," என்றார். நான் கையை வெளியே எடுத்துவிட்டேன்.

சித்தப்பா வீட்டுக்குத் திரும்பியதும் தம்பியின் ஒரு சோடிக் காலுறையில் ஒன்றை எடுத்து, துண்டுகளை அதற்குள் வைத்துக் கட்டி, என் முதுகுப்பையின் அடியில் வரைதல் புத்தகத்துக்குக் கீழே ஒளித்தேன். சித்தப்பா அவித்த இடியப்பத்தை அப்படியே வைத்துவிட்டேன். அம்மா நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். "காய்ச்சல் ஒண்டுமில்லை. ஏன் பிள்ளை முகம் வாடிக்கிடக்கு?" ஒன்றுமில்லை என்றேன். சொன்ன உடனே சன்னலுக்கு ஓடிப்போய்ச் சாய்ந்த கோபுரம் இருந்த திசையைப் பார்த்தேன். கோபுரம் நின்ற இடத்திலேயே நின்றது. ஆனால் கொஞ்சம் சரிந்திருந்தால் எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

மூன்றாம் நாள் சித்தப்பா துறைமுகம் வரை வந்து வழியனுப்பினார். அண்ணனும் தம்பியும் இந்தத் தரமும் கட்டிப்பிடிக்கவில்லை. சித்தப்பா கார் கதவைச் சாத்திவிட்டு, சன்னலால் குனிந்து என்னைப் பார்த்து, "பாஸ்போர்ட் இல்லாத தட்டுமுட்டு ஒண்டும் கொண்டு போகேல்லைத்தானே?" என்றார். விளையாட்டுக்குத்தான். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவருக்குத் தெரிந்தால் அந்தப் பெண்மணி சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பெண்மணி சித்தப்பாவிடம் சொன்னவர் போலீசிடம் சொல்லாமல் விட்டிருப்பாரா? கப்பல் நகரும்போது எல்லாம் எனக்குத் தெளிவாக இருந்தது. அவர்கள் லண்டன் பக்கத்துத் துறைமுகத்தில் காத்திருப்பார்கள்.

கடலில் எறிந்துவிடலாம் என்று மேல்தளத்துக்குப் போனேன். காற்று ஆளையே தள்ளியது. கம்பித்தடுப்பு என் தலைக்கு மேலே இருந்தது, அதன் பக்கத்தில் கப்பல் ஊழியர் ஒருவர் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் போவார் என்று காத்திருந்தேன். அவர் போனபோது அப்பா வந்துவிட்டார். என் அருகில் நின்று, தூரத்தில் சாம்பல் கோடாகத் தெரியத் தொடங்கிய இங்கிலாந்தைப் பார்த்தார். அவருடைய கை கோட்டுப் பொத்தானில் இருந்தது. என் கை முதுகுப்பையின் வாரில் இருந்தது.

ஹாரிச்சில் கார்கள் வரிசையாக நின்றன. கோடைக்காலம், மாலை ஆறரைக்கும் நல்ல வெயில். கண்ணாடிக் கூண்டில் வெயில் பட்டுத் தெறித்ததால் உள்ளே இருந்தவரின் முகம் தெரியவில்லை. தலையின் கறுப்பு உருவம் மட்டும் தெரிந்தது. அப்பா நாலு பாஸ்போர்ட்களையும் நீட்டினார். இந்த முறை நேரம் எடுத்தது. முன்னால் போன கார்கள் எல்லாம் போய்விட்டன. அந்தக் கறுப்புத் தலை எங்களைப் பார்த்தது, பிறகு திரும்பி, வெளியே நின்ற இன்னொரு அதிகாரிக்கு ஒரு தரம் மேலும் கீழும் அசைந்தது. வெளியே நின்றவர் கையைக் காட்டி, காரை ஒரு பக்கத்துக் கொட்டகைக்குள் விடச் சொன்னார்.

அவ்வளவுதான் நடந்தது. ஒவ்வொரு கப்பலுக்கும் பத்துக் கார்களை அப்படி ஓரங்கட்டுவார்கள் என்று பின்னர் தெரிந்துகொண்டேன். அன்று எனக்கு உலகம் முடிந்துவிட்டது.

அப்பாவின் கழுத்தைப் பின்னாலிருந்து பார்த்தேன். அது நிறம் மாறியிருந்தது. காரைக் கொட்டகைக்குள் நிறுத்தினார். யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னால், "இறங்குங்கோ," என்றார். அது அவருடைய குரல் போலவே இல்லை. "எல்லாரும் இறங்குங்கோ. கெதியா."

"ஏனப்பா, அவை ஒண்டும் சொல்லேல்லையே," என்றார் அம்மா.

"இறங்கச் சொன்னனான்."

இறங்கினோம். அப்பா எங்களைக் காரின் பக்கத்தில் வரிசையாக நிற்க வைத்தார். முதலில் தான், பிறகு தம்பியைத் தூக்கிய அம்மா, கடைசியில் நான். பிறகு காரின் பின்கதவைத் திறந்து பைகளை ஒவ்வொன்றாகத் தரையில் வைத்து, எல்லாவற்றின் ஜிப்பையும் இழுத்துத் திறந்தார். அம்மாவின் உள்ளாடைகள், தம்பியின் கரடிப்பொம்மை, சித்தப்பா தந்த சீஸ் எல்லாம் சிமெந்துத் தரையில் வெளிச்சத்துக்கு வந்தன. இரண்டு அதிகாரிகள் எங்களை நோக்கி வந்தார்கள், ஒரு ஆணும் ஒரு பெண்ணும். பின்கதவைத் திறந்தாலே போதும், பைகளை இறக்கத் தேவையில்லை, நீங்கள் காருக்குள்ளேயே இருக்கலாம் என்று அந்த ஆண் அதிகாரி மரியாதையாகத்தான் சொன்னார். அப்பாவுக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை. வரிசைக்குத் திரும்பி வந்து, இரண்டு உள்ளங்கைகளும் தெரியும்படி கைகளை விரித்து, கண்களைத் தரையில் வைத்து நின்றார்.

நான் புரிந்துகொண்டது இதுதான். அப்பாவுக்கு எல்லாம் தெரியும். என்னைப் பிடித்துக் கொடுக்க ஒழுங்கு செய்கிறார். அல்லது என்னால் அவரையும் பிடிக்கப் போகிறார்கள், அவருடைய புதுப் பாஸ்போர்ட்டைப் பறிக்கப் போகிறார்கள். எது சரி என்று தெரியவில்லை. இரண்டில் எதையும் தாங்க முடியாது என்று மட்டும் தெரிந்தது.

காருக்குள் வேறு ஏதாவது இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். என் முதுகுப்பை ஒன்றுதான் பின் இருக்கையில் கிடந்தது.

"நான்தான்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "என்னுடைய பைக்குள் இருக்கிறது. நான்தான் செய்தேன். அப்பாவைக் கொண்டுபோகாதீர்கள்."

அடுத்த கணம் அப்பாவின் கை என் வாயை மூடியது. மூடியது என்பதைவிட அடித்தது என்று சொல்ல வேண்டும். அவருடைய கல்யாண மோதிரம் உதட்டில் பட்டு வாய்க்குள் உப்புக் கரித்தது. அதற்கு முன்னும் பின்னும் அப்பா என்னை நோகப் பண்ணியதில்லை. என்னை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினார். பத்து வருடமாக லண்டனில் வேலை செய்து, என் பள்ளிக் கூட்டங்களில் எல்லாம் எழுந்து கேள்வி கேட்ட அவருடைய ஆங்கிலம் அன்று எங்கேயோ போய்விட்டது.

"நோ சேர். மீ. ஷீ பேபி. ஐ டிட்."

நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அதிகாரி குழப்பத்தோடு கேட்டார்.

"எனிதிங்," என்றார் அப்பா. "எனிதிங், ஐ டிட்." பிறகு, அந்த மனிதருக்கு எப்படிப் புரியும் என்று நினைத்தாரோ, தமிழிலும் சொன்னார். "எதுவெண்டாலும் நான்தான். அவள் சின்னப்பிள்ளை."

தம்பி அழத் தொடங்கினான். அம்மா அவனை இறுக்கிக்கொண்டு அசையாமல் நின்றார்.

பெண் அதிகாரி காரின் மற்றப் பக்கத்தால் சுற்றி வந்து, எனக்குப் பக்கத்தில் குந்தினார். அவருடைய முகம் என் முகத்துக்கு நேரே இருந்தது. என்ன கண்ணே, உன்னுடைய பைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார். நான் பையை எடுத்து, காலுறையை அவிழ்த்து, மூன்று துண்டுகளையும் அவருடைய கையில் வைத்தேன். பாலம் ஒரு துண்டில், படகு ஒரு துண்டில், அடியில் இருந்த அடையாளம் மூன்றாவது துண்டில். மணி அடித்தது, தட்டு விழுந்தது, அதற்குப் பாஸ்போர்ட் பதியாமல் கொண்டு வந்துவிட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நான் முடிக்கும்வரை கேட்டார். கையை வெட்டியதா என்று கேட்டார். பிறகு எழுந்து மற்ற அதிகாரியிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அந்த மனிதர் கொட்டகையின் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் சிரிப்பை அடக்கினார் என்பது இப்போது எனக்குத் தெரிகிறது.

பெண் அதிகாரி துண்டுகளைத் திரும்பவும் காலுறைக்குள் போட்டு என்னிடமே தந்தார். எல்லோரும் எதையாவது உடைப்பார்கள், அந்தக் கடைக்கு ஒரு கடிதம் எழுது என்றார். அந்தக் கடிதத்தை நான் எழுதவேயில்லை. பிறகு அவர் அப்பாவிடம் போய், எல்லாம் சரி, நீங்கள் போகலாம் என்றார். அப்பா நிமிரவில்லை. அவர் இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சுகமாக இருக்கிறீர்களா, தண்ணீர் வேண்டுமா என்று அந்தப் பெண் கேட்டார். "யெஸ் சேர்," என்றார் அப்பா.

பைகளை அம்மாதான் மூடி ஏற்றினார். அப்பாவின் கையிலிருந்து கார்ச் சாவி இரண்டு தரம் விழுந்தது. துறைமுகத்தை விட்டு வெளியே வந்து அரை மணித்தியாலம்கூட ஓடியிருக்க மாட்டோம், ஒரு பெட்ரோல் நிலையத்தில் காரைத் திருப்பி நிறுத்தினார். இறங்கிப் போய் வேலி ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்தார். கப்பலில் ஆடாத வயிறு தரையில் ஏன் பிரட்டுகிறது என்று எனக்கு விளங்கவில்லை. என்னுடைய குற்றத்தால் வந்த வெட்கம் என்று நினைத்தேன்.

இந்தக் கதையை நான் பல வருடம் சிரிப்புக் கதையாகவே சொல்லிவந்தேன். எனக்கு இருபத்துநாலு வயதானபோது லண்டன் எட்மண்டனில் ஒரு கல்யாண வீட்டுக்குச் சித்தப்பா வந்திருந்தார். தட்டின் பாஸ்போர்ட் பற்றி அவர் விட்ட கதை எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது தெரியுமா என்று தொடங்கி, முழுவதையும் நடித்துக் காட்டினேன். அவரும் சிரித்துக்கொண்டே கேட்டார். அப்பா அதிகாரியிடம் தமிழில் சொன்ன இடம் வந்ததும் அவருடைய சிரிப்பு நின்றது. "எதுவெண்டாலும் நான்தான் எண்டோ சொன்னவர்?" என்று கேட்டார். பிறகு கையில் இருந்த பிளேட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

அவருக்குப் பதினாலு வயது. ஊரில் ராணுவத்தின் சுற்றிவளைப்பு. ஒழுங்கையில் இருந்த ஆண்களை எல்லாம் வீதியில் வரிசையாக நிறுத்தினார்கள். முன்னால் ஒரு வாகனம். அதற்குள் சாக்கால் தலையை மூடிய ஒருவர். சாக்கில் கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. ராணுவத்துக்கு ஆள் காட்டிக்கொடுக்கும் அப்படிப்பட்டவரை ஊரில் தலையாட்டி என்பார்கள். ஒவ்வொருவராக அவருக்கு முன்னால் நடக்க வேண்டும். அந்தத் தலை அசையாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அசைந்தால் மற்றப் பக்கம். மற்றப் பக்கம் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு. சித்தப்பா முன்னால் போனபோது அந்தத் தலை அசைந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. அவர் அதுவரை செய்த பெரிய குற்றம் பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் அடித்ததுதான். பின்னால் நின்ற அப்பா அவரைச் சட்டையில் பிடித்து இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினார்.

"எதுவெண்டாலும் நான்தான், அவன் சின்னப்பெடியன் எண்டார். அண்ணையைக் கொண்டுபோயிட்டாங்கள். ஏழு மாசம் உள்ளை வச்சிருந்தாங்கள்," என்றார் சித்தப்பா. "என்னத்துக்கெண்டு எங்களுக்கு இண்டைக்கும் தெரியாது பிள்ளை."

பெட்ரோல் நிலையத்தில் நடந்த மீதியை நான் அன்றிலிருந்து யாருக்கும் நடித்துக் காட்டுவதில்லை.

அம்மா அப்பாவுக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, தம்பியைக் கழிவறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அப்பா காரில் சாய்ந்து நின்றார். நான் அவருக்கு எதிரே நின்றேன். அடி விழும், குறைந்தபட்சம் பேச்சாவது விழும் என்று காத்திருந்தேன். அவர் என் நாடியைப் பிடித்து நிமிர்த்தி உதட்டைப் பார்த்தார். தன் சட்டை நுனியைத் தண்ணீரில் நனைத்து இரத்தத்தைத் துடைத்தார். நன்றாக, நேரம் எடுத்துத் துடைத்தார். பிறகு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல மெல்லக் கேட்டார்.

"பிள்ளை, நீ என்ன செய்தனி?"

எனக்கு எரிச்சல் வந்தது. "உங்களுக்குத் தெரியும்தானே அப்பா. நீங்கள்தான் செய்தது எண்டு சொன்னீங்கள்."

அவர் நனைந்த சட்டை நுனியைப் பிழிந்தார்.

"ஓம்," என்றார். "நான்தான் செய்தது."

அரை மணித்தியாலத்துக்கு முன் தானே ஒப்புக்கொண்ட ஒன்று என்னவென்று அதற்குள் மறந்துபோய் என்னிடம் வந்து கேட்கிறாரே, அப்பாவுக்கு இப்போதே மறதி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, பின் இருக்கையில் ஏறி சீட்பெல்ட்டைப் போட்டேன்.